விவரம் அறிந்தேன்

ஜெயக்கொடியின் ஊறுகாய் ஜாடி பேச ஆரம்பித்தது தீபாவளி கழிந்த நாலாம் நாள். காலை பத்தரை மணி இருக்கும். பழைய சோற்றுக்கு ஒரு துண்டு மாங்காய் எடுக்கலாம் என்று அவள் மூடியைத் தூக்கியபோது உள்ளேயிருந்து முதலில் குளிர் வந்தது, பிறகு மீன் வாடை வந்தது, அதற்கும் பிறகு "அப்பா, நான் கனி எழுதுறேன்" என்று அழுதபடி ஒரு குரல் வந்தது. அவள் பாட்டுக்கு ஒரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு ஜாடியை மூடினாள், குரலும் நின்றது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பக்கத்து வீட்டுக் கடிதம் நம் ஜாடிக்குள் எப்படி வந்தது என்று அவளுக்குக் குழப்பம் பிடித்தது. எங்கள் தண்ணீர்த்தொட்டித் தெருவில் பக்கத்து வீட்டுக் குழம்பு வரும், பக்கத்து வீட்டுப் பூனை வரும், கடிதம் மட்டும் அதுவரைக்கும் மாறி வந்ததில்லை.

மாறி வராததற்குக் காரணம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். பவுன்ராஜ் அண்ணாச்சி முப்பத்தாறு வருஷம் இந்தக் கோவில்பட்டியில் தபால்காரராக இருந்தவர். விலாசம் மழையில் கரைந்திருந்தாலும், கோழி கிளறிய மாதிரி எழுதியிருந்தாலும், உரிய கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அவருக்கு மூன்று சட்டங்கள் உண்டு, அவை தெருவுக்கே மனப்பாடம். கவரைப் பிரிக்கிற உரிமை விலாசதாரருக்கு மட்டும்தான், வேறொருவன் பிரித்தால் அவன் திருடன். கார்டில் எழுதுவது ஊருக்கு எழுதுவது, கவரில் எழுதுவதுதான் வீட்டுக்கு எழுதுவது. வந்த கடிதத்துக்கு வந்த அன்றைக்கே பதில் போட வேண்டும், ஒன்றுமே எழுதத் தோன்றாவிட்டாலும் 'கடிதம் கண்டேன், விவரம் அறிந்தேன்' என்றாவது போட வேண்டும். இந்த மூன்று சட்டமும் சேர்ந்துதான் அவர் கழுத்தைப் பிடித்தன, சொல்கிறேன்.

கனி, முழுப்பெயர் சண்முகக்கனி, அவருடைய ஒரே மகள். நார்வே தேசத்தில் கடலோர ஊர் ஒன்றில், ஏற்றுமதிக்குப் போகிற மீன்களைச் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முந்தின தை மாதத்தில் அவள் அம்மா காலமானபோது, கனி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. அண்ணாச்சி வாசல் இரும்புக் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, வெளியே பெட்டியோடு நின்ற பிள்ளையைப் பார்த்து, "இனி எதுக்கு வந்தே?" என்று கேட்டார். ஒரே ஒரு கேள்விதான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, நானும் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு. "உங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டாள். அண்ணாச்சி கேட்டைப் பூட்டினார். அதன்பிறகு அவர் போக்குவரத்தெல்லாம் பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான்.

அந்தக் கனிதான் தீபாவளி கழிந்து மெயில் அனுப்பினாள். அவள் காலேஜில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் இன்னும் அந்த வீட்டில் இருந்தது. முதுகு பெருத்த பழைய மானிட்டர், மேலே அவள் அம்மா பூத்தையல் போட்ட துணி, கீபோர்டில் கனியே வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்துத் துண்டுகள். அப்பாவுக்கென்று மெயில் முகவரி உண்டாக்கிப் பாஸ்வேர்டைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அண்ணாச்சி தினமும் பத்து மணிக்கு அதைத் திறந்து பார்ப்பார், யாரும் எழுதவில்லை என்று உறுதி செய்துகொண்டு மூடுவார், பழகிய உத்தியோகம் அப்படி. அன்றைக்குத் திறந்தபோது ஒரே ஒரு வரி இருந்தது. 'அப்பாவுக்கு, இணைப்பைப் பார்க்கவும். கனி.' பக்கத்தில் ஒரு கிளிப் படம். தபால்காரர் மகள் அல்லவா, வீட்டு விஷயத்தை மெயிலின் முகத்தில் எழுதுவாளா, கவருக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். அண்ணாச்சி கிளிப்பை அமுக்கினார். 'இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை' என்றது கம்ப்யூட்டர்.

இன்னொரு தடவை அமுக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அமுக்கினார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சற்று நேரம் ஆறவிட்டு, திருநீறு பூசிவிட்டு, மறுபடியும் போட்டு அமுக்கினார். அவர் கடைசியாக அமுக்கியது பத்தரை மணிக்கு. அதே நேரத்தில்தான் அடுத்த வீட்டில் ஜெயக்கொடி ஜாடியைத் திறந்தாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஜெபராஜை வரவழைத்தார். ஜெபராஜ் கெட்டிக்காரன், முப்பது வயதுக்குள் இந்த ஊரில் பாதி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தவன். ஆனால் அண்ணாச்சி அவனைத் திரையைப் பார்க்க விடவில்லை.

"அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு என்ன செய்யணும்னு சொல்லு. கவரு எம் பேருக்கு வந்தது."

"அண்ணாச்சி, பாக்காம எப்படி ரிப்பேர் பாக்க?"

"நான் மழையில கண்ணு தெரியாம டெலிவரி பண்ணலயா?"

ஜெபராஜ் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் செய்தார். வைரஸ் பார்த்தார்கள், கேபிளைப் பிடுங்கிச் செருகினார்கள், புது புரோகிராம் போடலாம் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் அதற்குக் கிழடு என்று மறுத்துவிட்டது. "அவங்க புது மிசின்ல எழுதி அனுப்புறாங்க, உங்களுது பழசு. எங் கடைக்கு வாங்க, அங்க ஒரு நிமிஷத்துல தொறந்துரும்" என்றான். நாலு பேர் வந்துபோகிற கடையில் மகள் கடிதத்தைப் பிரிப்பதா என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். கடைசியில் வேறொரு வழியாகத் திறந்து பார்க்கச் சொன்னான், திறந்தது, கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஜெபராஜ் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். கோழிக் கிறுக்கலையெல்லாம் வாசித்த மனுஷர், இரண்டு நாள் அந்தக் கட்டங்களின் முன்னால் உட்கார்ந்து, எங்காவது 'அப்பா' என்று தென்படுகிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடினார்.

அதற்கு முன்பே, மெயில் வந்த அன்றைக்கே, பதிலும் போட்டுவிட்டார். திறக்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. 'உங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா' என்று சொல்லிவிட்டுப் போனவளிடம் எனக்குப் புரியவில்லை என்று எப்படி எழுதுவார்? ஒற்றை விரலால் தட்டினார். 'கடிதம் கண்டேன். விவரம் அறிந்தேன். இங்கு யாவரும் நலம்.' யாவரும் என்பது அவர் ஒருவர்தான்.

இரண்டாவது கடிதம் எனக்கு வந்தது. நான் தெருக்கோடியில் மாவு மில் வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்த ஒரு காலையில் ஷட்டரை மேலே தூக்கியபோது, கரகரவென்ற சத்தத்துக்குப் பதிலாகக் கனியின் குரல் இறங்கியது. இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுதாம்ப்பா, அம்மா வைக்கிற புளிக்குழம்பை வைத்துப் பார்த்தேன், புளியும் இருக்கிறது மிளகாயும் இருக்கிறது, குழம்புதான் வரவில்லை, நான் வீட்டுக்கு வரலாமாப்பா? கடைசி வரியில் குரல் உடைந்தது. அடுத்தவர் கடிதத்தைக் கேட்டுவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் மிஷினைப் போட்டேன், அரைக்க ஒன்றும் இல்லாமல் அது வெறுமனே ஓடியது. அன்றிலிருந்து ஷட்டரை இறக்குவதையே விட்டுவிட்டேன். இறக்கினால்தானே தூக்க வேண்டும்?

மூன்றாவது, சர்வேயர் தனுஷ்கோடியின் குடைக்குள் வந்தது. கார்த்திகை மழை வலுத்திருந்த நேரம், பாவம் அந்த மனுஷர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்துகொண்டே ஆபீஸ் போனார். நாலாவது, பார்த்தீர்களா வேடிக்கையை, ஜெபராஜின் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வந்தது. யாரிடம் ஒரு நிமிஷத்தில் திறக்கும் என்று சொன்னானோ அவனிடமே திறந்தது, அவனும் டப்பாவை மூடிவிட்டு ஹோட்டலில் சாப்பிட்டான். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அதே வரி இருந்தது. நான் வரலாமாப்பா?

ஒரு வாரம் குழம்பினோம், அப்புறம் பழகிப்போயிற்று. எதற்குத்தான் பழகவில்லை நாம்? அண்ணாச்சி சந்தில் நடக்கிற சத்தம் கேட்டால் ஜெயக்கொடி ஜாடியைத் தொடமாட்டாள். விருந்தாளி வந்தால் 'ஊறுகாய் வேண்டாம், அதில் கடிதம் இருக்கிறது' என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார், விருந்தாளியும் சரி என்று அப்பளத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் ஒன்று மட்டும் எங்களுக்குப் பழகவில்லை. அந்தப் பிள்ளை இத்தனை கேட்கிறதே, இந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறாரே? ஒருநாள் சோளம் அரைக்க வந்தவரிடம் நான் ஜாடையாகக் கேட்டேன்.

"கனிகிட்டருந்து கடுதாசி வருதாமே அண்ணாச்சி?"

"வருது."

"என்ன எழுதுதா?"

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எல்லாம் பாத்தாச்சு. விவரம் தெரியும். பதிலும் போட்டாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டேதான் கல்லாக இருக்கிறாரா? அன்றைக்கு அவர் சோளத்தைக் கடைசியாகத்தான் அரைத்துக் கொடுத்தேன், அதையும் கரகரப்பாக அரைத்தேன். நான் சொல்லி ஜெயக்கொடிக்குத் தெரிந்தது, ஜெயக்கொடி சொல்லித் தெருவுக்குத் தெரிந்தது. சர்வேயர் வணக்கம் சொல்வதை நிறுத்தினார். ஜெபராஜ் போனை எடுக்கவில்லை. அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு கடிதம் வந்தும் ஒரு வரிகூட வாசிக்க முடியாத துக்கத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் திரிந்தவருக்கு, தெரு ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது. பகலெல்லாம் கேட்டுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு, பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் ஐந்தாவது மெயில் வந்தது. அதுவும் திறக்கவில்லை. அதற்கும் 'விவரம் அறிந்தேன்' போட்டுவிட்டு, தாங்க முடியாமல் சந்து வழியாக ஜெயக்கொடி வீட்டுக்குப் போனார். அவள் வெள்ளையடிப்பதற்காகப் பாத்திரங்களையெல்லாம் முற்றத்தில் இறக்கி வைத்திருந்தாள். மாவு கொடுக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, நான் உங்களுக்கெல்லாம் என்ன செஞ்சேன்? ஏன் ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டேங்கிய?"

ஜெயக்கொடி விளக்குமாற்றைப் போட்டாள். "எங்களுக்கு என்ன செய்யணும்? பெத்த மக வரட்டுமா வரட்டுமான்னு மாசக்கணக்குல கேக்குதா. வான்னு ஒரு சொல்லு சொல்ல உங்களுக்கு வாய் வரல. நீங்கள்லாம் ஒரு தகப்பனா?"

"யாரு கேக்குதா?"

"யாரு கேக்குதாளா?" என்றவள் உள்ளே போய் ஜாடியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

குளிர் வந்தது, மீன் வாடை வந்தது. "அப்பா, நான் கனி எழுதுறேன். அன்னைக்குப் பனியில விமானம் எதுவும் போகலப்பா. ரெண்டு நாள் ஏர்போர்ட்டுத் தரையிலயே உக்காந்திருந்தேன். தூரமாப் போனது என் தப்புதான். கிளம்பாம இருக்கலப்பா. நான் வரலாமாப்பா?"

முதலில் அண்ணாச்சிக்குக் கோபம்தான் வந்தது, தபால்காரக் கோபம். "எம் மக கவர நீ ஏன் பிரிச்சே?" என்று கத்தினார். "நான் எங்க பிரிச்சேன், ஊறுகாய்க்குத்தான் தொறந்தேன்" என்று ஜெயக்கொடியும் கத்தினாள். அதற்குள் அவர் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தொறக்கலயே தாயி, ஒண்ணுகூடத் தொறக்கலயே" என்றார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சோளத்தைக் கரகரப்பாக அரைத்த கையை நான் எங்கே வைத்துக்கொள்வது?

பிறகு அவர் எழுந்தார். முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகக் கொடுத்த மனுஷர், அன்றைக்கு வீடு வீடாக வாங்கப் போனார். என் மில்லில் நான் ஷட்டரை இறக்கித் தூக்கினேன், அவர் கீழே நின்று கேட்டார். வெயிலில் சர்வேயர் குடையை விரித்துப் பிடித்தார், அவர் குடைக்குள் தலையைக் கொடுத்துக் கேட்டார். ஜெபராஜ் கடையில் டப்பாவைத் திறந்தான். 'விவரம் அறிந்தேன் என்று எழுதுகிறீர்களே அப்பா, அதற்கு என்ன அர்த்தம், சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்றது நாலாவது கடிதம். ஒவ்வொரு இடத்திலும் கேட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட இடம் தேடினார். நான்கும் ஆயிற்று, காலையில் வந்த ஐந்தாவது எங்கே?

தெரு முழுவதும் தேடியது. பொங்கல் சுத்தத்துக்காக எல்லாம் வெளியே கிடந்த நாள், அதனால் தேடுவது சுலபமாக இருந்தது. அரிசிப் பானையைத் திறந்தோம், மருந்துப் பெட்டியைத் திறந்தோம், தண்ணீர்த்தொட்டி மூடியைக்கூடத் திறந்தோம். அரிசி அரிசியாகவும் மருந்து மருந்தாகவும் இருந்தன. எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றபோது ஜெபராஜ்தான், "அண்ணாச்சி, உங்க வீட்டுல தொறக்காமக் கெடக்கது என்ன?" என்று கேட்டான். எல்லோரும் கேட்டைப் பார்த்தோம்.

பூட்டு துருவேறிப்போயிருந்தது. நான் மில்லிலிருந்து மிஷின் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினேன். அண்ணாச்சி சாவியைப் போட்டுத் திருகினார். கேட் இரண்டு வருஷத்துக்குப் பிறகு உள்பக்கமாக நகர்ந்தது, நகர நகரக் கனியின் குரல் வந்தது, இந்தத் தடவை அழாத குரல்.

"அப்பா, தை அஞ்சாந்தேதிக்கு வந்து சேர்ற மாதிரி டிக்கெட் போட்டிருக்கேன். இதுக்கும் விவரம் அறிந்தேன்னு பதில் வந்தா, வராதன்னு அர்த்தம்னு எடுத்துக்கிட்டு டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துருவேன். அதுக்கப்புறம் எழுத மாட்டேம்ப்பா."

பதில் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

அண்ணாச்சி உள்ளே ஓடினார், நாங்களும் ஓடினோம், திரையைப் பார்க்காதே என்று அவர் யாரையும் சொல்லவில்லை. ஒற்றை விரலால், இணைப்பு கிணைப்பு ஒன்றும் இல்லாமல், மெயிலின் முகத்திலேயே தட்டினார். கார்டில் எழுதுவது ஊருக்கு எழுதுவது, ஊர் வாசிக்கட்டும் என்றார். ஒவ்வொரு எழுத்தாக விழ விழ நாங்கள் வாய்விட்டு வாசித்தோம். 'வா. நீ அனுப்பிய எதையும் நான் திறக்கவில்லை. எனக்குத் திறக்கத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். அன்றைக்குக் கேட்டில் சொன்னது தப்பு. வா.'

பதில் போகிப் பண்டிகை அன்று காலையில் வந்தது. கிளிப் படம் இல்லை. முகத்தில் ஒரே வரி.

'விவரம் அறிந்தேன். கனி.'

அண்ணாச்சி அதை நாலு தடவை வாசித்தார். வருகிறாள் என்றா, வரமாட்டாள் என்றா? ஜெயக்கொடி வருவாள் என்றாள். பழிக்குப் பழி என்றார் சர்வேயர். ஜெபராஜ் அந்த வரிக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மவுஸை வைத்து நெம்பிப் பார்த்தான். நான் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அண்ணாச்சி, "இதைத்தான நான் அவளுக்கு அஞ்சு தடவ அனுப்பியிருக்கேன்" என்றார். பிறகு அழுதார், எங்கள் எல்லோருக்கும் முன்னால், சத்தமாக.

பொங்கல் வந்தது, போயிற்று. தை ஐந்தாம் தேதி எங்கள் தெருவில் திறக்கக் கூடிய எல்லாம் திறந்தே கிடந்தன. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஜன்னல்கள், பீரோக்கள், சாப்பாட்டு டப்பாக்கள். மழை இல்லாத வானத்துக்குக் கீழே சர்வேயர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். கேட்டும் விரியத் திறந்திருந்தது. எதிலிருந்தும் கனியின் குரல் வரவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. கனி அதே பெட்டியோடு இறங்கினாள். கேட் திறந்திருந்தும் உள்ளே வரவில்லை, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். அண்ணாச்சியும் அதே இடத்தில்தான் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐயோ, இந்த மனுஷருக்கு இப்போது வாய் திறக்கவில்லையே என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். ஜெயக்கொடி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"வா" என்றார் அண்ணாச்சி. "வா தாயி. வா."

கனி உள்ளே வந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தொறக்கலைன்னா தொறக்கலைன்னு ஒரு வரி எழுதக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். "வரேன்னு ஒரு வார்த்தை நீ எழுதியிருக்கக் கூடாதா? ஆறு நாளாச் சோறு எறங்கல" என்றார் அவர். "எனக்கு ரெண்டு மாசமா எறங்கலப்பா" என்றாள் அவள். பிறகு அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுத்தவர் கவரைப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

மத்தியானம் ஜெயக்கொடி ஜாடியை மூடித் திறந்து பார்த்தாள். குளிரும் இல்லை குரலும் இல்லை, மாங்காய் வாசனைதான் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்ததாம். நாலு துண்டை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போய்க் கனியின் இலை ஓரத்தில் வைத்தாள். ஒன்றைக் கடித்துவிட்டுக் கனி சிரித்தாள்.

"என்ன அத்த, உப்பு இவ்வளவு கூடிப்போச்சு?"

தான் போட்டது அளவான உப்புதான் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். ஆனாலும், "சோத்தோட பிசைஞ்சு சாப்பிடு, சரியாயிரும்" என்றாள்.